இரண்டு மில்லிமீட்டர்

மழை விடாத ட்ரெடீகர் ஊரில்
குப்பைக்குப் போகும் கேஸ் அடுப்புகளை வழிமறித்து
குமிழ்களை மட்டும் கழற்றிக்கொள்வாள் நெரிஸ் புரோபர்ட்.
பிசுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து
ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து
இணையத்தில் ஏற்றுவாள்.
ஒன்று இரண்டு பவுண்டு.

எங்கோ யாரிடமோ
மூன்று குமிழ் இருக்கிறது
நான்காவது இல்லை
என்பதுதான் அவள் தொழிலின் மூலதனம்.

இன்று கேட்டிருப்பவர் வடகோடியில்
வெஸ்ட்ரே தீவின் இங்ரித் ரெண்டால்.
"இடப்பக்கம் பின்னால் இருப்பது உடைந்துவிட்டது.
மூன்று மாதமாக இடுக்கியால் திருப்புகிறேன்.
எது மலிவோ அதில் அனுப்புங்கள்."

எது மலிவோ.
சொல்லத்தான் செலவில்லை.

சுண்டைக்காயை நெரிஸ் கண்டதில்லை.
சுமைகூலியை நன்றாகத் தெரியும்.

கூரியரில் ஊர்க்குறியீட்டைத் தட்டியதும்
விலை கடலைத் தாண்டிக் குதித்தது.
இன்னொரு கம்பெனி தீவுக்குப் போவதே இல்லையாம்.
மூன்றாவது போகும்,
பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு வரும்.
எதற்குப் பக்கம் என்று அதற்கே தெரியாது.
தபால் ஒன்றுதான்
எதிர்வீட்டுக்கும் பாறைத் தீவுக்கும்
ஒரே கட்டணம் கேட்கிறது.

ஆனால் தபாலுக்கு ஒரு வாய் உண்டு.
அட்டையில் வெட்டிய நீளப் பிளவு,
உயரம் இருபத்தைந்து மில்லிமீட்டர்.
நுழைந்தால் கடிதம்
நுழையாவிட்டால் பார்சல்
இடையில் வேறு பிறவி கிடையாது.

குமிழ் இருபத்தேழு.

காற்றுக்குமிழ்த் தாளை உரித்து
ரொட்டிப் பையில் சுற்றினாள். இருபத்தேழு.
கவிழ்த்தாள். இருபத்தேழு.
படுக்க வைத்தாள், முப்பத்தெட்டானது.
ரம்பத்தைக்கூட ஒருமுறை எடுத்துப் பார்த்தாள்.
வாலை இரண்டு மில்லி அறுத்தால் கடிதமாகிவிடும்,
அடுப்புதான் அதைக் குமிழென்று ஒப்புக்கொள்ளாது.

தபால் நிலையத்தில் ஹெவின் இருந்தான்.
மற்ற நாளென்றால் உறையைப் பிளவில் வைத்து
கட்டைவிரலால் ஒரு அழுத்து.
பார்வையும் அந்நேரம் வேறெங்கோ போயிருக்கும்.
இன்று அவன் முதுகுக்குப் பின்னால்
தலைமை அலுவலகத்துப் பெண்ணொருத்தி
எதையோ குறித்துக்கொண்டே நின்றாள்.
விரல் மேசைமேல் சும்மா கிடந்தது.

"பார்சல்தான், நெரிஸ்."
"இரண்டு கிலோ வரை ஒரே விலையா?"
"ஒரே விலை."

குமிழ் முப்பத்தொரு கிராம்.
மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது கிராம்
வெற்றிடத்துக்குக் காசு கொடுக்க
புரோபர்ட் குடும்பத்தில் இதுவரை யாரும் பிறக்கவில்லை.
வரிசையில் பின்னால் நின்றவரிடம்
குடையை இடம்பிடிக்க ஒப்படைத்துவிட்டு
வீட்டுக்கு ஓடினாள்.
அதே அடுப்பின் மற்ற மூன்று குமிழ்கள்,
இரண்டு வருடமாக யாரும் தொடாத
ஓவன் கைப்பிடி ஒன்று,
எல்லாம் பழைய பிஸ்கட் பெட்டியில்.

கணக்குப் புத்தகத்தில் அன்றைக்கு
ஒன்று நாற்பது நஷ்டம்.
அடியில் இரண்டு கோடு போட்டு மூடினாள்.

ஒன்பதாம் நாள் தீவிலிருந்து செய்தி.
"நான்கும் பொருந்தின. அடுப்பு யாருடையதோ போலிருக்கிறது.
கைப்பிடி எதற்கென்று புரியவில்லை,
கோழிக்கூட்டுக் கதவில் பூட்டிவிட்டேன்.
என்னுடைய பழைய மூன்றும் மேசைமேல் இருக்கின்றன,
கீறல்கூட இல்லை.
ஒன்று குறைந்தவர்கள் யாராவது இருப்பார்கள்தானே?
நீங்கள் எதில் அனுப்புவீர்கள்?
எது மலிவு?"

நெரிஸ் சிரிக்கவில்லை.
தேநீரை நகர்த்தி வைத்துவிட்டு
விடை தெரிந்தே தட்டினாள்:
முதலில் ஒரு ஸ்கேல் எடுத்து
உயரத்தை அளந்து சொல்லுங்கள்.